ஹீட்டரை எப்போ போடலாம், மாப்பிள்ளை?

பெண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க வெளிநாடு கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள்? பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், துவைத்துப் பழகிய நூல் புடவை, உங்களுக்கு ரெண்டு ஸ்வெட்டர், அவருக்கு ஒரு மஃப்ளர்... எல்லாம் சரி. அதோடு, அறையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று காட்டுகிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்றையும் செருகிக் கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது கையில் இல்லாமல் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

2024 புரட்டாசி பிறந்த சமயம் நானும் என் வீட்டுக்காரரும் லண்டனில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய் இறங்கினோம். திருச்சியில் விமானம் ஏறும்போது நெற்றியில் வேர்வை. அங்கே இறங்கினால் பகலில் ஏதோ வெயில் மாதிரி ஒன்று அடிக்கிறது, ராத்திரி பதினோரு டிகிரி. அந்த ஊர்க்காரர்கள் இதற்குக் குளிர் என்றே பெயர் வைப்பதில்லை, இலையுதிர் காலம் என்கிறார்கள். மார்கழி விடியற்காலையில் காதை மூடிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோமே, அப்போதும் சென்னையில் 20, 21 டிகிரி இருக்கும். நமக்கு அதுவே உச்சக்கட்டம்!

வீடு பழைய செங்கல் வீடு. நூறு வருஷமாவது இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று இரும்புப் பலகை மாதிரி ஒன்று. தொட்டுப் பார்த்தேன், ஐஸ். "இதுதாம்மா ரேடியேட்டர்" என்றாள் பெண். நம்ம ஊரில் பாய்லர் என்றால் கொல்லைப்புறத்தில் கரி போட்டு வெந்நீர் வைக்கிற செம்புப் பாத்திரம் ஞாபகம் வரும். அங்கே சமையலறைச் சுவரில் ஒரு பெட்டி. உள்ளே கேஸ் எரிந்து தண்ணீர் சூடாகி, குழாய் வழியாக வீடெல்லாம் இருக்கும் ரேடியேட்டர்களுக்குப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும். எத்தனை டிகிரி வந்ததும் நிற்க வேண்டும் என்று சொல்வதற்குச் சுவரில் தெர்மோஸ்டாட் என்று ஒரு திருகு. அவ்வளவுதான் சூட்சுமம்.

"எப்போ போடுவீங்க?" என்று பெண்ணிடம்தான் கேட்டேன். பதில் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. "அத்தை, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பாங்க. அதுவரைக்கும் இங்கே பாதிப் பேர் ஹீட்டிங் போட மாட்டாங்க. ஒரு வைராக்கியம்னே வச்சுக்குங்களேன்."

பிறகு நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அதைப் போடுங்கள், இதைப் போடுங்கள் என்று சொல்ல நமக்கு வருமா? ரெண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "எனக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பொய்!

கடிகாரம் சொன்னால் ஆச்சா?

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே கேஸ், கரன்ட் பில் ஏறிய கதை அப்படி. அரசாங்க அமைப்பான 'ஆஃப்ஜெம்' விலைக்கு ஒரு உச்சவரம்பு வைக்கிறது. அதன் கணக்குப்படி, சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு 2021 அக்டோபரில் வருஷத்துக்கு 1,277 பவுண்டு. உக்ரைன் போர் வந்தது. 2022 அக்டோபரில் உச்சவரம்பு 3,549 பவுண்டாகி, அரசாங்கம் குறுக்கே புகுந்து 2,500 அளவில் நிறுத்தி வைத்தது. நாங்கள் போயிருந்த 2024 அக்டோபரில் 1,717. குறைந்திருக்கிறதே என்பீர்கள். ஆனால் ஒரு தடவை சூடு கண்ட பூனை! ரூபாயில் பெருக்கிப் பார்த்து நானே மனசுக்குள் 'வேண்டாம்ப்பா' என்று சொல்லிக்கொண்டதுண்டு.

ஆனால் தேதி பார்த்து ஹீட்டர் போடுவது, பஞ்சாங்கம் பார்த்து ஜுர மாத்திரை கொடுப்பது மாதிரி. சில ஊர்களில் பொதுவாக ஒரு விதி வேண்டியிருக்கிறது, நியாயம்தான். பெய்ஜிங்கில் நகரத்துக்கே பொதுவாகச் சூடு வருகிறது, வழக்கமாக நவம்பர் 15-ல் ஆரம்பம். ரஷ்யாவில் வெளியே ஒரு நாளின் சராசரி தொடர்ந்து அஞ்சு நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் திறந்துவிடுவார்கள். நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுச் சொந்தக்காரருக்குச் சட்டமே இருக்கிறது. பகலில் வெளியே சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே 20 இருக்க வேண்டும். ராத்திரியில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே சுமார் 17 இருந்தாக வேண்டும். உங்கள் பிள்ளை அங்கே வாடகை வீட்டில் இருந்தால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சொந்த வீடு, தனி பாய்லர். எப்போது போடுவது என்பதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் வைராக்கியமும் கூச்சமும் உள்ளே நுழைகின்றன.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எட்டு வருஷமாக பி.பி. உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவள். திருச்சியில் 130/80-ஐத் தாண்டாது. அங்கே போய் ரெண்டாவது வாரம் காலையில் மெஷினைக் கட்டிப் பார்த்தால் 158! மறுநாள் 162. பயணக் களைப்பு, பெண்ணைப் பற்றிய கவலை என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். மூணாம் நாள் திருச்சியில் இருக்கும் எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன், மாத்திரையைக் கூட்டட்டுமா என்று. அவர் கேட்ட முதல் கேள்வி: "அது இருக்கட்டும். நீங்க உட்கார்ந்திருக்கிற ரூமில் எத்தனை டிகிரி?"

எனக்கு எப்படித் தெரியும்? பெண் ஏதோ கடைக்குப் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். நாங்கள் படுக்கும் அறையில் காலை ஆறு மணிக்குப் பதினைந்தரை!

டாக்டர் விளக்கினார். குளிரில் தோலுக்குக் கீழே இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் இருக்க. குழாய் குறுகினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? ரத்தமும் கொஞ்சம் கெட்டிப்படும். மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுமே குளிர் காலத்தில் கூடுவதற்கு இது ஒரு காரணம். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக் குழாய் இறுகும். இதற்கெல்லாம் பனி கொட்ட வேண்டும் என்று இல்லை. வீட்டுக்குள் பதினைந்து, பதினாறிலேயே ஆரம்பித்துவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வீடுகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேலேயே தேவைப்படலாம் என்றது. பிரிட்டிஷ் சுகாதார அதிகாரிகளும் 65 தாண்டியவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதே 18-ஐத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. வயதாக ஆக, குளிர்கிறது என்று உடம்பு சொல்வதே மந்தமாகிவிடும். "எனக்குக் குளிரலையே" என்று பெரியவர்கள் சொன்னால் அதை அப்படியே நம்பக் கூடாது. அறைக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து உடம்புச் சூடு 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பேச்சு குழறும், தூக்கமாக வரும், பார்க்கிறவர்களுக்குக் கிழவி அசதியாக இருக்கிறாள் என்றுதான் தோன்றும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நிலைமை அது.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்ததும் பெண் தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைப் பார்த்தார், என் பி.பி. எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தார். "ஏன் அத்தை முதல்லயே சொல்லல?" என்றார். அன்று அக்டோபர் 4. கடிகாரம் திருப்ப இன்னும் மூணு வாரத்துக்கு மேல் இருந்தது. அன்று ராத்திரியே பாய்லர் எரிந்தது. நாலைந்து நாளில் என் பி.பி. 140-க்கு வந்தது, மாத்திரை கூட்டாமலே. இதை வைத்து நீங்களாக மாத்திரையில் கை வைக்காதீர்கள். டாக்டரிடம் பேசும்போது அறையின் டிகிரியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவே.

போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆறு மாசம் சும்மா கிடந்த பாய்லர், தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தகராறு செய்யும். செப்டம்பரிலேயே ஒரு நாள் அரை மணி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே ஜில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்கென்றே இருக்கும் சாவியால் லேசாகத் திருப்பினால் புஸ்ஸென்று போய்விடும், ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்ட பிறகு. பாய்லரை வருஷத்துக்கு ஒரு முறை, 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற ஆள் வந்து பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருகினால் சீக்கிரம் சூடாகும் என்று நினைத்து என் வீட்டுக்காரர் ஒரு நாள் திருகி வைத்தார். நம்ம ஊர் ஏ.சி.யில் ரிமோட்டை 16-க்கு இறக்கிவிட்டுச் சீக்கிரம் குளிரும் என்று காத்திருப்போமே, அதே கதை. வேகம் கூடாது. எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மாறும், பில்லும் கூடவே போகும்.

பாப்பாவுக்குத் தொப்பி எதுக்கு?

இவ்வளவு கஷ்டப்பட்டுச் சூடு வாங்கினேனா? அடுத்து நான் செய்ததுதான் வேடிக்கை. அக்டோபர் நடுவில் பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே தெர்மோஸ்டாட்டை 25-க்கு ஏற்றிவிட்டேன். பிள்ளை பெற்ற வீடாயிற்றே! காற்றுப் புகாமல் ஜன்னலெல்லாம் சாத்தி, பாப்பாவுக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, மேலே துணி சுற்றி, அதன்மேல் ஒரு ஷால்.

அங்கே பிரசவமான வீட்டுக்கு மிட்வைஃப் நேரில் வந்து பார்ப்பார். வந்த அம்மா உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றினார், அடுத்துப் பாப்பாவின் தொப்பியைக் கழற்றினார். பிடரியில் கையை வைத்துப் பார்த்தார். ஈரம்! குழந்தைக்கு வேர்த்திருந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நாலு பிள்ளைகளை வளர்த்தவள் நான்!

அவர் பொறுமையாகச் சொன்னார். பச்சைக் குழந்தை கூடுதல் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியே விடும். வீட்டுக்குள் தொப்பி போட்டால் அந்த வழியை அடைத்துவிடுகிறோம். தூங்கும்போது அளவுக்கு மீறிச் சூடானால், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. அதனால் பாப்பா தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது அங்கே இந்த விஷயத்துக்கென்றே இருக்கும் 'லல்லபை டிரஸ்ட்'. குளிருதா, வேர்க்குதா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள், அவை ஜில்லென்று இருப்பது சகஜம். நெஞ்சிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள். தொட்டிலை ரேடியேட்டர் பக்கத்தில் போடக் கூடாது. பாப்பா படுக்கையில் வெந்நீர்ப் பை, எலெக்ட்ரிக் கம்பளி மூச்!

பாட்டிக்கு 18-க்குக் கீழே ஆகாது, பேத்திக்கு 20-க்கு மேலே ஆகாது. அப்புறமென்ன? பத்தொன்பது என்று முடிவானது. பாட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், பேத்தியால் தானாகத் துணியைக் கழற்ற முடியாதே. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் 1 முதல் 5 வரை நம்பர் போட்ட திருகு ஒன்று இருக்கிறது. அது டிகிரி இல்லை, சும்மா அளவுதான். நடு நம்பரில் வைத்துவிட்டு, அறைத் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொண்டோம். ஆளில்லாத மாடி அறையில் குறைத்தே வைத்தோம். மாப்பிள்ளை முகத்திலும் கொஞ்சம் சூடு தணிந்தது.

சாம்பிராணியும் சைரனும்

மூன்றாவது கூத்து. பாப்பாவைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்ட வேண்டாமா? ஊரிலிருந்து கொண்டுபோன தூபக்காலில் கரியைப் பற்ற வைத்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கூரையில் இருந்த அலாரம் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி நைட்டியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. ஜன்னல் சாத்திய அறையில் கரி கனிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகையே தெரியாமல் தணல் மட்டும் இருந்தாலும் வரும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். பிறகு எழுந்திருக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பழுதான பாய்லரும் இதையே செய்யும். புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. ரெண்டும் வீட்டில் இருக்கிறதா என்று போன அன்றே கேளுங்கள். வீட்டில் ஒரே சமயத்தில் ரெண்டு மூணு பேருக்குத் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஹீட்டிங்கை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். சாம்பிராணியை நான் அன்றோடு மூட்டை கட்டிவிட்டேன். புகை, பச்சைக் குழந்தையின் மூச்சுக்கும் ஆகாது.

அதற்காக எந்நேரமும் ஜன்னலை அடைத்தே வைப்பதும் தப்பு. நாம் போனால் அந்த வீட்டில் ஈரம் ரெண்டு மடங்கு ஆகும்! சாதம் வடிக்கிறோம், ரசம் கொதிக்கிறது, வெந்நீரில் குளிக்கிறோம், பாப்பா துணியை ரேடியேட்டர் மேலேயே காயப் போடுகிறோம். இந்த நீராவி எல்லாம் குளிர்ந்த சுவரில் போய் உட்கார்ந்து கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். 2020-ல் ராச்டேல் என்ற ஊரில் ஒரு ரெண்டு வயதுப் பையன், வீட்டில் மண்டிய பூஞ்சையால் மூச்சுக் கோளாறு வந்து இறந்தே போனான். அவன் பெயரால் 'அவாப் சட்டம்' என்று ஒன்று வந்து, 2025 அக்டோபர் முதல் அரசு உதவி வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சமைக்கும்போது மூடி போடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், தினம் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் சுவர் ஆறிவிடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் ரேடியேட்டரைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அதன்மேல் பாதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். பதினைந்து வருஷச் சர்க்கரை. ஒரு நாள் காலுறையைக் கழற்றினால் உள்ளங்காலில் அரையணா அளவுக்குக் கொப்புளம். அவருக்கு வலியே தெரியவில்லை! பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இதுதான் கதி. ஆற ஒன்றரை மாசம் ஆயிற்று. வெந்நீர்ப் பையும் அப்படித்தான். படுக்கையைச் சூடாக்க வைத்துவிட்டு, படுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். காலுக்குக் கம்பளிக் காலுறை போதும். ராத்திரி தினமும் பாதத்தை ஒருமுறை பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசம்பரில் நாங்கள் கிளம்பும்போது தெர்மாமீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், தொட்டில் இருந்த அறையில், ஜன்னலுக்கும் ரேடியேட்டருக்கும் எட்டத்தில். 2025 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் மாப்பிள்ளையிடமிருந்து போன். இங்கே நான் ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அத்தை, இன்னைக்குக் காலைல பதினேழரை. போட்டுட்டேன்."

"கடிகாரம் திருப்பியாச்சா?" என்றேன்.